எண்ணியது எதை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சில நாள்களுக்கு முன் தங்கள் நாளிதழின் நாகர்கோவில் பதிப்பில், நம் மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டுக்கு, அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலைக்கு, ஆள் கிடைப்பதில்லை என்பது பற்றி ஒரு கல்லூரி மாணவர் குழு நடத்திய ஆய்வு செய்தியாக வந்திருந்தது. எடுத்துக்கொண்ட பொருள் முக்கியமானது. குலசேகரம், திருவட்டாறு, அருமனைப் பக்கம் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இந்தக் குறையில்தான் வந்து நிற்பார்கள். ஆனால் செய்தியை இரண்டு முறை படித்த பின்னும் எனக்கு ஒன்று விளங்கவில்லை. தலைப்பில் இருந்த சதவீதம் ‘குடும்பங்கள்’ என்றது. மூன்றாம் பத்தியில் அதே சதவீதம் ‘விவசாயிகள்’ ஆயிற்று. கடைசிப் பத்தியில் ‘தோட்டங்கள்’ ஆகிவிட்டது.

இதைச் சொல் குற்றமாக எண்ணி இக்கடிதத்தை எழுதவில்லை. ஒருவருக்கு மூன்று இடங்களில் ரப்பர் இருக்கிறது, ஒன்றில் வெட்டு நடக்கிறது, மற்ற இரண்டில் ஆளின்றி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்தை எண்ணினால் மூன்றில் இரண்டு பாதிப்பு. விவசாயியை எண்ணி, ‘ஏதாவது ஒரு தோட்டத்தில் வெட்டு நின்றதா?’ என்று கேட்டால் அவர் பாதிக்கப்பட்டவர். ‘எல்லாத் தோட்டத்திலும் நின்றதா?’ என்று கேட்டால் அவர் பாதிக்கப்படாதவர். மனிதர் ஒருவர்தான், மரங்களும் அவையேதான். விடை மட்டும் மூன்று விதமாக வருகிறது. ஆய்வாளர்கள் இவற்றுள் எதைக் கணக்கிட்டார்கள் என்பது செய்தியில் எங்கும் இல்லை. ஒருவேளை அவர்களே அதை முடிவு செய்யாமல் படிவத்தை அச்சடித்துவிட்டார்களோ என்ற ஐயமும் எனக்கு உண்டு.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இம்மாவட்டத்தில் புள்ளியியல் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். ஓர் ஆய்வு கைக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியவை மூன்று. எதை அல்லது யாரை ஒவ்வொன்றாக எண்ணினார்கள் என்பது முதலாவது. அதை நோக்கீட்டு அலகு என்பார்கள். ஒவ்வோர் அலகிடமும் எதைக் குறித்தார்கள் என்பது இரண்டாவது, அது மாறி. இவற்றைக் கொண்டு எந்தக் கேள்விக்கு விடை தேடினார்கள் என்பது மூன்றாவது. அது ஆய்வு வினா. கையால் எழுதிய பேரேடாக இருந்தாலும் கணினியில் விரித்த அட்டவணையாக இருந்தாலும் கிடைவரிசை ஒவ்வொன்றும் ஓர் அலகு, நெடுவரிசை ஒவ்வொன்றும் ஒரு மாறி. ஒரு வரிசையின் தலைமாட்டில் என்ன பெயர் எழுதுவது என்று தெரியாதவர் அட்டவணையைத் தொடங்கவே கூடாது.

மாணவர்கள் அதிகம் இடறுவது மாறியில்தான். ‘தலைக்கவசம் அணிந்தோர் சதவீதம்’ என்பதை மாறி என்று எழுதுவார்கள். அது மாறியன்று, மாறியின் சுருக்கம். நாகர்கோவில் வடசேரியில் காலை ஒன்பது மணிக்கு நின்று பார்க்கிறோம் என்றால், கடந்து செல்லும் ஒவ்வோர் இருசக்கர வாகன ஓட்டியும் ஓர் அலகு; ‘தலைக்கவசம் அணிந்திருந்தாரா, இல்லையா?’ என்பதே மாறி, ஏனெனில் அந்தக் கேள்வியைத்தான் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பொருத்திப் பார்த்து விடை எழுத முடியும். சதவீதம் எந்தத் தனி ஓட்டியிடமும் இல்லை. பின்னிருக்கையில் அமர்ந்து செல்பவரை எங்கே சேர்ப்பது என்ற கேள்வி அப்போதே எழும். அவரையும் எண்ணுவதென்றால் அலகு ‘ஓட்டி’ அன்று, ‘பயணி’.

அலகு என்பது ஏட்டுச் சொல்லன்று என்பதை நான் கற்றது நாஞ்சில் நாட்டு வயல்களில். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெற்பருவங்களிலும் அறுவடைப் பரிசோதனைக்குப் போவோம். தெரிவான வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து, சமவாய்ப்பு எண் சொல்லும் தூரத்தை நீளத்திலும் அகலத்திலும் அளந்து, அங்கே முளையடித்து, கயிறு கட்டி, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கட்டம் போட வேண்டும். அதனுள் நிற்கும் நெல்லை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, நிறுக்க வேண்டும். இங்கே அலகு வயலன்று, விவசாயியுமன்று. அந்த 25 சதுர மீட்டர் கட்டம். மாறி, அதில் கிடைத்த நெல்லின் எடை. ஒரு ஹெக்டேரில் இத்தகைய 400 கட்டங்கள் அடங்கும் என்பதால், தராசில் 100 கிராம் பிசகினால் ஹெக்டேருக்கு 40 கிலோ பிசகும்.

பூதப்பாண்டிப் பக்கம் ஒரு வயலில் முளையடித்துக்கொண்டிருந்தபோது வயல்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “சாரே, இங்க வெட்டப்பிடாது. அந்த மூலையிலதான் வெள்ளம் நிண்ணு பூராச் சாவியாப் போச்சு, அங்க வெட்டும்” என்றார். சாவி என்றால் மணி பிடிக்காத பதர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, ஆனால் அது அவருடைய கேள்விக்கான நியாயம். அவர் கேட்டது, ‘என் வயலில் எவ்வளவு போயிற்று?’ என்பது. நான் விடை தேடிச் சென்றது, ‘இந்தக் கிராமத்தில் சராசரி விளைச்சல் எவ்வளவு?’ என்பது. பயிர்க் காப்பீட்டு இழப்பீடும் பெரும்பாலும் அறிவிக்கப்பட்ட பகுதியின் சராசரியை வைத்தே கணக்கிடப்படுகிறது. அங்கே அலகு பகுதி, தனி விவசாயி அல்லர். அவர் மூலை முழுவதும் சாவியானாலும் பகுதிச் சராசரி தாழாவிட்டால் அந்தக் கணக்கில் அவருக்கு ஒன்றும் வராது. ‘பணம் கட்டியும் இழப்பீடு வரவில்லை’ என்று ஆண்டுதோறும் தங்கள் பக்கங்களில் வரும் செய்திகளில் இந்த ஒரு வாக்கியத்தைச் சேர்த்து எழுதியிருந்தால், விவசாயிக்கு யாரிடம் எதைக் கேட்பது என்றாவது தெரிந்திருக்கும். இந்த ஏற்பாடு சரியா என்பது வேறு வழக்கு.

கட்டத்தின் அளவே ஒரு காலத்தில் பெரும் வாதமாக இருந்தது. இந்தியப் புள்ளியியல் கழகத்தை 1931-இல் நிறுவிய மகலனோபிஸ் சிறிய கட்டங்களை விரும்பினார். இன்னொரு புள்ளியியலாளரான சுகாத்மே பெரிய கட்டங்களே வேண்டும் என்றார். சிறிய கட்டத்தில் விளைச்சல் மிகையாகத் தெரிகிறது என்பதே 1940-களில் நடந்த அந்த விவாதத்தின் மையம். காரணம் எளியது. கயிற்றோரத்தில் நிற்கும் கதிர் உள்ளேயா வெளியேயா என்று ஐயம் வந்தால் அறுப்பவர் கை அதை உள்ளேதான் சேர்க்கும். நான்கு பக்கமும் பத்து சென்டிமீட்டர் வெளியே போய்விட்டதாகக் கொள்ளுங்கள்: ஐந்து மீட்டர் கட்டம் 27.04 சதுர மீட்டராகும், மிகை எட்டு சதவீதம். ஒரு மீட்டர் கட்டமாக இருந்திருந்தால் 1.44 சதுர மீட்டர், மிகை 44 சதவீதம். தவறு செய்யும் கை ஒன்றுதான். அலகு சிறுத்ததால் தவறு பெருத்தது. நாங்கள் இளைஞர்களாக இருந்தபோது இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டித்தான் கயிற்றை இழுத்துக் கட்டச் சொன்னார்கள்.

இப்போது ரப்பருக்கு வருகிறேன். அண்டை வீட்டுப் பெண் ஒருத்தி இளங்கலை இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக, மழைக்காலத்தில் ரப்பர் மரத்தின் வெட்டுப்பட்டைக்கு மேலே பிளாஸ்டிக் கட்டினால் பால் கூடுமா என்று ஆராய்ந்தாள். கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஏட்டைக் கொண்டுவந்து காட்டி, “மாமா, முந்நூறு சாம்பிள் எடுத்திருக்கேன்” என்றாள். பார்த்தால் இருபது மரங்கள். பத்துக்குப் பிளாஸ்டிக் கட்டியது, பத்துக்குக் கட்டாதது. பதினைந்து வெட்டு நாள்களில் ஒவ்வொரு மரத்துச் சிரட்டையிலும் சேர்ந்த பாலை அளவுக் குவளையில் ஊற்றி மில்லிலிட்டரில் குறித்திருந்தாள். இருபதைப் பதினைந்தால் பெருக்கி முந்நூறு என்று எழுதியிருந்தாள். அவளுடைய வழிகாட்டி ஆசிரியரும் அதில் கையொப்பமிட்டிருந்தார்.

முந்நூறு என்பது ஏட்டிலுள்ள கட்டங்களின் எண்ணிக்கை, மரங்கள் இருபதுதான். ஒரே மரத்தைப் பதினைந்து முறை அளந்தால் அந்த மரத்தைப் பற்றி நன்றாகத் தெரியும். பதினைந்து மரங்களைப் பற்றித் தெரியாது. நன்றாகக் கறக்கும் மரம் பதினைந்து நாளும் நன்றாகத்தான் கறக்கும். போதாக்குறைக்கு, பிளாஸ்டிக் கட்டிய பத்தும் மேல்தட்டில் ஒருவர் வெட்டுவது, கட்டாத பத்தும் கீழ்த்தட்டில் இன்னொருவர் வெட்டுவது. வெட்டுகிறவரின் கைக்கும் தட்டின் மண்ணுக்கும் பிளாஸ்டிக்குக்கும் உள்ள வேறுபாட்டை இனி எந்தக் கணினியாலும் பிரித்தெடுக்க முடியாது. ஒவ்வொரு தட்டிலும் சீட்டுக் குலுக்கிப் பாதி மரங்களுக்குக் கட்டியிருந்தால் தீர்ந்திருக்கும், செலவும் கூடியிருக்காது.

மாறிகள் என்ற தலைப்பின் கீழே ‘மரத்தின் ரகம்’ என்றும் எழுதியிருந்தாள். தோட்டம் முழுவதும் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்ற ஒரே ரகம். எல்லா வரிசையிலும் ஒரே விடை வரும் ஒன்றை அந்த ஆய்வில் மாறி என்று சொல்வதற்கில்லை, அது மாறவே இல்லை. இதைச் சொன்னதும் அவளே சிரித்துவிட்டாள்.

ஆனால் நான் அந்த ஏட்டை மூடாமல் வைத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. பிளாஸ்டிக் கட்டாத மரங்களின் வரிசைகளில் ஆங்காங்கே கட்டங்கள் காலியாக இருந்தன. கேட்டால், “அண்ணைக்கு மழை, மாமா. பட்டை நனைஞ்சு கிடந்ததால வெட்டல்ல” என்றாள். காலிக் கட்டங்களை விட்டுவிட்டு, நிரம்பிய கட்டங்களுக்கு மட்டும் சராசரி எடுத்து, இரு தொகுதிக்கும் பெரிய வேறுபாடு இல்லை, ஆகவே பிளாஸ்டிக் கட்டுவதால் பயனில்லை என்று முடிவுரையும் எழுதியாகிவிட்டது. அவள் தேடிய விடை அந்தக் காலிக் கட்டங்களில்தான் இருந்தது. பிளாஸ்டிக் கட்டுவது ஒரு வெட்டுக்கு வடியும் பாலைக் கூட்டுவதற்காக அன்று. மழை நாளிலும் வெட்ட முடிய வேண்டும் என்பதற்காகத்தான். ஆகவே அலகு மரம் என்றும், மாறி அந்த மரம் மழைக்காலம் முழுவதும் தந்த மொத்த ரப்பர் என்றும் வைத்திருந்தால், வெட்டாத நாள் பூச்சியமாகக் கணக்கில் சேர்ந்திருக்கும், வேறுபாடும் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். ‘ஒரு வெட்டுக்கு எவ்வளவு?’ என்பதும் ‘ஒரு பருவத்துக்கு எவ்வளவு?’ என்பதும் இரண்டு ஆய்வு வினாக்கள். தோட்டக்காரர் கேட்பது இரண்டாவதை.

மில்லிலிட்டரும் எனக்கு உறுத்தியது. பாலில் உலர் ரப்பரின் பங்கு நாளுக்கு நாள் மாறும். மழைத்தண்ணீர் கலந்தால் பால் கூடியதாகவே குவளை காட்டும். கடையில் பாலாக விற்றாலும் மெட்ரோலாக் என்ற அளவுக் கருவியை மிதக்கவிட்டு, டி.ஆர்.சி. எனப்படும் அந்த உலர் ரப்பர் பங்கைப் பார்த்துத்தான் பணம் எண்ணுகிறார்கள். ஷீட்டாக அடித்தால் காய்ந்த எடைதான் விலை. வெட்டிலும் சிரட்டையிலும் ஒட்டி உறையும் ஒட்டுப்பாலை அவள் அளக்கவே இல்லை. அளப்பதற்கு எளிதானதை மாறியாக வைத்துக்கொள்ளும் பழக்கம் மாணவர்களிடம் மட்டும் இருப்பதாக நான் சொல்லமாட்டேன், அலுவலகங்களிலும் பார்த்திருக்கிறேன்.

தங்கள் பக்கத்தில் நாள்தோறும் வரும் அணை நீர்மட்டமும் அப்படிப்பட்டதே. பேச்சிப்பாறையின் 48 அடியில் 24 அடி நீர் இருந்தால் ‘பாதி அணை’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அடி என்பது உயரம். அணையோ அடியில் குறுகி மேலே விரிந்த பள்ளம். உயரத்தில் பாதி, நீரில் பாதியைவிடக் குறைவு. கும்பப்பூவுக்குத் தண்ணீர் எட்டுமா என்ற கேள்விக்கு வேண்டிய மாறி கொள்ளளவு. அதையும் பக்கத்தில் அச்சிட்டால் கடைவரம்பு விவசாயிகளுக்கு உதவும். மழைப் பட்டியலைப் பொறுத்தவரை எனக்குக் குறை இல்லை. பாலமோர், கொளச்சல், மைலாடி என்று நிலையம் நிலையமாகத் தருகிறீர்கள், அதுவே சரி. அதில் மிகுந்த எண்ணைப் பொறுக்கியெடுத்து ‘குமரி மாவட்டத்தில் இத்தனை மில்லிமீட்டர் மழை’ என்று தலைப்பிடுவதை மட்டும் நிறுத்தினால் போதும்.

கடற்கரைக்கு வந்தால் அலகாக மாவட்டத்தையே வைப்பதில் ஒரு பொறி இருக்கிறது. கிழக்குக் கடற்கரைக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் பொருந்தும் மாவட்டம் நம்முடையது. கிழக்குக் கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டத்து விசைப்படகுகள் கரையில் கிடக்கும் மே மாதத்தில், மேற்குக் கரைக் கணக்கில் வரும் கொளச்சலிலும் முட்டத்திலும் தேங்காய்ப்பட்டணத்திலும் தொழில் நடக்கும். ஜூன் பின்பாதியிலும் ஜூலையிலும் நேர்மாறு. இதைப் பாராமல் மாவட்டத்தின் மே மாத மீன்வரத்தையும் ஜூலை மாத மீன்வரத்தையும் ஒப்பிட்டு ‘வரத்து சரிந்தது’ என்று எழுதினால், அந்த எண் கடலைப் பற்றி எதுவும் சொல்லாது, நாள்காட்டியைப் பற்றித்தான் சொல்லும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் மீன்வரத்தை மதிப்பிடும்போது, ஓர் இறங்குதளம், ஒரு நாள் என்ற இணையை முதற்கட்ட அலகாகத் தெரிந்தெடுத்து, அன்று அங்கே கரை சேர்ந்த படகுகளில் சிலவற்றைப் பார்க்கிறது. மொத்த எடையோடு எத்தனை படகுகள் எவ்வளவு நேரம் உழைத்தன என்பதையும் குறிக்கிறது. மொத்த வரத்து ஏறியிருந்தும் படகொன்றுக்கான வரத்து குறைந்திருக்கலாம். மீனவர் வீட்டில் தெரிவது பின்னதே.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்கள் இன்னும் எச்சரிக்கை கேட்பவை. 2011-இல் நம் மாவட்ட மக்கள்தொகை 18,70,374, எழுத்தறிவு 91.75 சதவீதம். பின்னதை முன்னதோடு பெருக்கி எழுத்தறிந்தோர் எண்ணிக்கை சொல்லும் கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன். எழுத்தறிவு விகிதத்துக்கு அலகு ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர் மட்டுமே. தொட்டில் குழந்தையைச் சேர்த்துப் பெருக்கக் கூடாது. வீட்டு வசதிகளைப் பற்றிய பட்டியல்களிலோ அலகு ஒரே சமையலில் உண்ணும் குடும்பம். ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடும்பம். 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்ட அடுத்த கணக்கெடுப்பின் எண்கள் வரும்போது, கட்டடம், வீடு, குடும்பம், ஆள் ஆகிய நான்கும் செய்திகளில் ஒன்றோடொன்று குழம்பாமல் இருக்க வேண்டும். வளைகுடாவுக்குப் போனவர்களின் பூட்டிய வீடுகள் தெருவுக்குத் தெரு உள்ள நம் ஊர்களில் இந்த வேறுபாடு சிறியதன்று.

மாவட்டத்துக்குப் பொருந்துவதை மனிதருக்குப் பொருத்துவதால் வரும் விபரீதத்துக்கு ஒரு பழைய சான்று உண்டு. அமெரிக்காவின் 1930 கணக்கெடுப்பை வைத்து ராபின்சன் என்ற சமூகவியலர் 1950-இல் ஒரு கட்டுரை எழுதினார். 48 மாநிலங்களை அலகாகக் கொண்டால், வெளிநாட்டில் பிறந்தோர் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறியாதோர் குறைவு. இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு மைனஸ் 0.53. ஆட்களை அலகாகக் கொண்டால் வெளிநாட்டில் பிறந்தவர்களிடையே எழுத்தறியாமை சற்று மிகுதி. கெழு பிளஸ் 0.12. குறியே திரும்பிவிட்டது. குடியேறியவர்கள் எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் போய்த் தங்கியதே அதற்குக் காரணம். ‘கல்வியில் முன்னணி மாவட்டத்திலேயே இப்படியா?’ என்று தொடங்கும் தலைப்புகளை எழுதுபவர்கள் இதை ஒரு முறை நினைத்துப் பார்க்கலாம்.

தங்களிடம் நான் வேண்டுவது பெரிதன்று. ஆய்வுச் செய்தி எதுவாயினும் அதன் அடியில், எண்ணப்பட்டது எது, எத்தனை, ஒவ்வொன்றிடமும் கேட்ட கேள்வி என்ன, எங்கே எப்போது கேட்டார்கள் என்று இரண்டு வரி சேர்த்து அச்சிடலாம். செய்தி தரும் கல்லூரிகளிடமும் அமைப்புகளிடமும், படிவத்தின் ஒரு படியை உடன் அனுப்புமாறு நிருபர்கள் கேட்கலாம். படிவம் தர மறுப்பவர்கள் சொல்லும் சதவீதத்தை மாவட்டப் பக்கத்தில் நான்கு பத்தித் தலைப்பாகப் போட வேண்டிய கட்டாயம் தங்களுக்கு இல்லை.

அந்த ரப்பர் ஆய்வை நடத்திய மாணவர்கள் தங்கள் நிருபரின் தொடர்பில் இன்னும் இருந்தால், ஒரு கேள்வியை மட்டும் என் சார்பில் கேட்டு, கிடைக்கும் பதிலை வெளியிட வேண்டுகிறேன்: மூன்று தோட்டம் வைத்திருப்பவரிடம் எத்தனை படிவம் நிரப்பினீர்கள்?

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆய்வாளர்,
தோவாளை வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.